வடநெம்மேலி பாம்பு விஷம் எடுக்கும் இடம்: ஊசி போட்டவள் போய்ப் பார்த்து எழுதுவது

31 வருடம் நர்ஸாக இருந்தேன். அதில் 19 வருடம் திண்டிவனத்துக்கு மேற்கே ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில். சுற்றிலும் நெல், கரும்பு, மணிலா என்கிற வேர்க்கடலை. மணிலா பிடுங்கும் காலம் வந்தாலே பாம்புக்கடியும் வரும். ஐப்பசி மழையில் வரப்பு நிறைந்தால் இன்னும் கூடும். நாங்கள் ஏ.எஸ்.வி. என்று சொல்லும் விஷமுறிவு மருந்தை எத்தனை பேருக்குப் போட்டிருப்பேன் என்று எண்ணி வைக்கவில்லை.

அந்தக் குப்பியைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். உள்ளே வெள்ளைப் பொடியாக இருக்கும். 10 மில்லி ஊசித் தண்ணீர் விட்டுக் கரைக்க வேண்டும். பதற்றத்தில் குலுக்கினால் நுரை கட்டிவிடும். அதனால் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, திரி திரிப்பது போல மெல்ல உருட்ட வேண்டும். விஷம் ஏறியது உறுதியானால் முதல் தடவையே 8 முதல் 10 குப்பி. குழந்தைக்கும் அதே அளவுதான், ஏனென்றால் பாம்பு ஆள் பார்த்து விஷத்தைக் குறைத்துப் போடுவதில்லை. சொந்தக்காரர்கள் கத்திக்கொண்டிருப்பார்கள். நான் ஒரு பக்கம் உருட்டிக்கொண்டே நிற்பேன். லேபிளில் நான்கு பாம்புகளின் பெயர் இருக்கும். குதிரையின் ரத்தத்திலிருந்து தயாரித்தது என்றும் இருக்கும். அந்த நான்கு பாம்பையும் பிடித்தது யார் என்று இருக்காது. நானும் ரொம்ப வருடம் கேட்டுக்கொள்ளவில்லை.

2022-ல் ஓய்வு பெற்றேன். போன தை மாதம்தான் வடநெம்மேலிக்குப் போக முடிந்தது. இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கம் அங்கேதான் இருக்கிறது. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே சுமார் 40 கிலோமீட்டர், முதலைப் பண்ணை வளாகத்தில். மாமல்லபுரத்திலிருந்து வந்தால் 15 கிலோமீட்டருக்குள். நாங்கள் மூன்று பேர் போனோம்: நான், என் தங்கை மகன், அவனுடைய 9 வயது மகள்.

முதலில் ஒரு மனக்குறையைச் சொல்லிவிடுகிறேன். அது இந்த இடத்தைப் பற்றியது இல்லை. எங்கள் ஊரிலிருந்து ஒருநாள் சுற்றுலா வேனில் போனோம். வேனில் மைக் பிடித்து விளக்கம் சொன்ன பையன், நல்ல பாம்பு பால் குடிக்கும் என்றான். சரி, அதை எல்லாரும் சொல்வதுதான் என்று விட்டுவிட்டேன். அடுத்து, கடித்த இடத்துக்கு மேலே கயிற்றால் இறுக்கிக் கட்டி, பிளேடால் கீறி ரத்தத்தை வெளியேற்ற வேண்டும் என்றான். நான் எழுந்துவிட்டேன். கயிறு கட்டியதால் கறுத்துப்போன கால்களை நான் பார்த்திருக்கிறேன். கண்ணாடி விரியன் கடித்தால் ரத்தம் உறையாது. அந்தக் காலைக் கீறினால் ரத்தம் நிற்கவே நிற்காது. அதை வேனில் இருந்த இருபது பேருக்கும் சொன்னேன்: கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள், காலை அசைக்காமல் வைத்து ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பையன் கேட்டுக்கொண்டான், கோபப்படவில்லை. ஆனால் இறங்கியபோது, முதலை, பாம்பு இரண்டுக்கும் சேர்த்து 40 நிமிடம்தான் என்றார்கள். எங்களை விட்டுவிட்டுப் போங்கள் என்று சொல்லிவிட்டோம். நீங்களும் சொந்தமாக வாருங்கள், இல்லை பஸ்ஸில் வாருங்கள். சென்னை – புதுச்சேரி கடற்கரைச் சாலை வழித்தடம்தான். முதலைப் பண்ணை ஸ்டாப் என்றால் இறக்கிவிடுவார்கள்.

இடம் எளிமையானது. தாழ்வான தளம், சுற்றிலும் சுவர், நாம் சுவருக்கு இந்தப் பக்கம். தளத்தில் வரிசையாக மண்பானைகள், ஒவ்வொன்றின் வாயிலும் துணி இறுகக் கட்டியிருக்கிறது. அந்தத் துணி வழியாகத்தான் பாம்புக்குக் காற்று. எங்கள் வீட்டில் புளி போட்டு வைப்பது போன்ற பானைதான். கண்ணாடிக் கூண்டு, வண்ண விளக்கு எல்லாம் எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு முதல் பார்வையில் ஏமாற்றமாக இருக்கலாம். மண்பானை சூடேறாது, பாம்புக்கு இருட்டும் குளிர்ச்சியும் கிடைக்கும் என்று பிறகு சொன்னார்கள். அதற்குமேல் எனக்கு அந்தப் பானைகள் அழகாகத் தெரிந்தன.

விளக்கம் சொன்னவருக்கு ஐம்பது வயது இருக்கும். குரலை உயர்த்தவே இல்லை. ஒரு பானையின் கட்டை அவிழ்த்து, கொக்கிக் கம்பியால் கண்ணாடி விரியனை எடுத்துத் தரையில் விட்டார். குக்கர் ஆவி விடுவது போல ஒரு சீறல், சுவருக்கு இந்தப் பக்கம் நின்ற எங்களுக்கே அடிவயிற்றில் இறங்கியது. அவர் ஓரடி தள்ளி நின்று, அது அடங்குகிற வரை ஒன்றும் செய்யவில்லை. அப்புறம் தலையைப் பிடித்தார். மேலே மெல்லிய சவ்வு கட்டிய கண்ணாடிக் குவளையை வாயருகே கொண்டுபோனார். பல் சவ்வைத் துளைத்தது. உள்ளே மஞ்சளாக, விளக்கெண்ணெய் போல, சொட்டுச் சொட்டாக இறங்கியது. அவ்வளவுதான். ஒரு நிமிடம் ஆகியிருந்தால் அதிகம்.

அந்தச் சொட்டைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. 31 வருடம் நான் வேலை பார்த்தது அதன் மறு முனையில். இந்த விஷத்தை உறைய வைத்து உலர்த்திப் பொடியாக்கி மருந்து தயாரிக்கும் கம்பெனிகளுக்கு விற்கிறார்கள். அவர்கள் குதிரைக்குச் சிறுகச் சிறுகச் செலுத்துகிறார்கள். குதிரையின் உடம்பு அதை எதிர்க்கப் பழகுகிறது. அந்த எதிர்ப்புச் சக்தியைப் பிரித்தெடுத்ததுதான் என் கைக்கு வந்த பொடி. இந்தியாவில் இந்த மருந்துக்குத் தேவையான விஷத்தில் பெரும்பகுதி இந்த ஒரு சங்கத்திலிருந்துதான் போகிறது.

விஷம் எடுத்தபின் பாம்பைக் கொல்வதில்லை. 21 நாள் வைத்திருக்கிறார்கள், அதற்குள் 4 தடவை விஷம் எடுக்கிறார்கள். பிறகு வயிற்றுப் பக்கச் செதிலில் சின்னதாக ஒரு வெட்டுப் போட்டுக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த வெட்டு ஓர் அடையாளம். யாராவது மறுபடியும் அதே பாம்பைப் பிடித்தால், இது கொடுத்துவிட்டது என்று தெரியும், அங்கேயே விட்டுவிடுவார்கள். தோல் உரிய உரிய வெட்டு மறைந்துவிடும். இதைக் கேட்டபோது எங்கள் குட்டி, "அப்போ அதுக்கும் லீவு உண்டா பாட்டி?" என்றாள். உண்டு.

கூட்டத்தைப் பற்றி ஒரு வேண்டுகோள். எங்களோடு நின்றவர்களில் சிலர், படம் எடுக்கும் வேகத்தில் சுவர்மேல் ஏறி எட்டிப் பார்த்தார்கள். ஒருவர், "அண்ணே, அதைக் கொஞ்சம் கோபப்படுத்துங்க" என்று கத்தினார். பாம்பின் தலைக்கும் அவர் விரலுக்கும் நடுவே நூலளவுதான் இடம் இருக்கிறது. கத்தி அவர் கவனத்தைக் கலைக்காதீர்கள். சர்க்கஸுக்கு வந்தது போல நிற்காதீர்கள். அது அவருடைய தொழில், அங்கே எடுத்த சொட்டு நாளை நம் வீட்டுப் பிள்ளைக்கு ஏறலாம்.

கூட்டம் கலைந்தபிறகு நாங்கள் நின்றுகொண்டோம். கேள்வி கேட்டால் பொறுமையாகப் பதில் சொல்கிறார்கள். இந்த இடத்தின் அருமை அந்தப் பேச்சில்தான் இருக்கிறது. அவசரமாக வருகிறவர்களுக்கு அது கிடைக்காது.

இருளர்கள் எங்கள் பக்கம் புதியவர்கள் இல்லை. வில்லியர் என்றும் சொல்வோம். அறுவடை முடிந்த வயலில் எலி வளை வெட்டுவார்கள். எலி போன வழியில் பாம்பு போகும், இரண்டு தடத்தையும் அவர்கள் படிப்பார்கள். மண்ணில் விழுந்த வரி, வளையின் வாயில் ஒட்டிய சட்டை, எச்சம் இதையெல்லாம் பார்த்து எந்தப் பாம்பு, உள்ளே இருக்கிறதா போய்விட்டதா என்று சொல்லிவிடுவார்கள். கையில் சின்னக் கடப்பாரை, ஒரு கம்பு. முன்பெல்லாம் அந்தத் திறமைக்குக் கூலி, பாம்புத்தோல் வியாபாரிகளிடமிருந்து வந்தது. பாம்பைக் கொன்று தோலைக் கொடுப்பார்கள். தோலுக்கு நல்ல விலை இருந்தது, அது வெளிநாட்டில் பையாகவும் செருப்பாகவும் ஆனது. பிடித்தவனுக்கு வந்தது சில்லறை. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1976-ல் பாம்புத்தோல் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. பாம்புக்கு நல்லதுதான். ஆனால் சட்டம் போட்டவர்கள், மறுநாள் காலையில் அந்த வீட்டு அடுப்பு எப்படி எரியும் என்று யோசிக்கவில்லை. பரம்பரைத் தொழில் ஒரே நாளில் குற்றமாகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான், சென்னைப் பாம்புப் பண்ணையைத் தொடங்கிய ரோமுலஸ் விட்டேக்கரும் இருளர்களும் சேர்ந்து இந்தச் சங்கத்துக்கு வழி செய்தார்கள். 1978-ல் பதிவானது. அதே பாம்பு, அதே கை, அதே அறிவு. கொல்லாமல் விஷத்தை மட்டும் எடுப்பது. இன்று முந்நூறுக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள், ஆண்களும் பெண்களும். எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதற்கு வனத்துறை அனுமதி வேண்டும். அது வரும்வரை பானைகள் காலியாகக் கிடக்கும், அந்த நாட்களில் வேறு கூலி வேலைக்குத்தான் போக வேண்டும் என்று ஒரு அம்மா சொன்னார்.

அங்கே சங்கத்துக்காரர்கள் இரண்டு பேரைப் பற்றிப் பெருமையாகப் பேசினார்கள். மாசி சடையன், வடிவேல் கோபால். செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர்கள். அமெரிக்காவில் ஃபுளோரிடா சதுப்புக்காட்டில் பர்மிய மலைப்பாம்பு பெருகி, அங்கிருந்த சிறு விலங்குகளை எல்லாம் தின்று தீர்த்துக்கொண்டிருந்தது. 2017-ல் இவர்களைக் கூப்பிட்டார்கள். முதல் 8 நாளில் 13 மலைப்பாம்பு. பார்த்திராத காடு, பார்த்திராத பாம்பு, இருந்தும் மண்ணில் விழுந்த தடத்தைப் படித்தார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. செய்தி வந்த அன்று நான் ஓய்வில் இருந்தேன், என்னோடு வேலை பார்த்த எல்லாருக்கும் போன் போட்டுச் சொன்னேன்.

இவ்வளவையும் மெச்சுகிறபோது இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. எங்கள் சுகாதார நிலையத்துக்கு இருளர் குடும்பங்கள் வருவார்கள். வாசல் வேப்பமரத்தோடு நின்றுவிடுவார்கள். "உள்ள வாங்க" என்று நாலு தடவை கூப்பிட்டால்தான் படியேறுவார்கள். எந்த ஆபீசில், யார், எப்படிப் பேசி அவர்களை அப்படிப் பழக்கினார்களோ. பிள்ளையின் சாதிச் சான்றிதழுக்காகப் பல வருடம் அலைந்த ஒரு தகப்பனை எனக்குத் தெரியும். பழங்குடி என்பதற்கு அத்தாட்சி கேட்டார்களாம். பாம்பு பிடித்துக் காட்டு என்று ஒருவர் சொன்னாராம். பையன் அதற்குள் படிப்பை விட்டுவிட்டான். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-ல். அதற்கு நாற்பது வருடம் கழித்தும் வட மாவட்டங்களில் அரிசி ஆலை, செங்கல் சூளை, மரம் வெட்டும் இடங்களிலிருந்து இருளர் குடும்பங்களை மீட்டார்கள் என்று பேப்பரில் படித்துக்கொண்டிருந்தோம். முன்பணம் என்று ஒரு சின்னத் தொகை, அதற்கு மூன்று தலைமுறை உழைப்பு. ஆலையிலிருந்து மீட்கப்பட்டு வந்த ஒரு பெண்ணுக்கு நான் பிரசவம் பார்த்திருக்கிறேன். பதிவேட்டில் எழுத வயது கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை.

அவர்களைப் பற்றிய ஆராய்ச்சிக்கும் குறைவில்லை. ஆனால் நர்ஸிங் பாடத்தில் பாம்புக்கடி பற்றிப் படித்த நாளில் இருளர் என்ற சொல் ஒரு இடத்திலும் வரவில்லை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்திருக்கலாம் என்று ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000. அதில் கால்வாசிக்கு மேல் 15 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள். 2024-ல் தமிழ்நாட்டு அரசு, பாம்புக்கடியை எல்லா ஆஸ்பத்திரியும் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. ரொம்ப நல்லது. இன்னொரு ஆராய்ச்சியும் முக்கியம்: ஒரே இனப் பாம்பின் விஷம் ஊருக்கு ஊர் மாறுகிறது, தமிழ்நாட்டுப் பாம்பின் விஷத்தால் செய்த மருந்து ராஜஸ்தானிலோ வங்காளத்திலோ அதே அளவு கேட்பதில்லை என்று பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்து ஆராய்ச்சியாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அப்படியானால் அந்தந்தப் பகுதியிலேயே விஷம் எடுக்க வேண்டும். அதைக் கற்றுக்கொடுக்க, 1978 முதல் செய்துவருகிறவர்களைத்தான் முதலில் கூப்பிட வேண்டும் என்பது என் எண்ணம். தகவல் சொல்லவும் பாம்பு பிடித்துத் தரவும் மட்டும் இல்லை, பாடம் எடுக்கவும், கட்டுரையில் பெயர் போடவும்.

போக நினைப்பவர்களுக்கு: காலையில் போங்கள், கடற்கரை வெயில் பதினொரு மணிக்கே கொளுத்தும். முதலைப் பண்ணைக்கு ஒரு சீட்டு, விஷம் எடுப்பதைப் பார்க்கத் தனிச் சீட்டு. நேரத்தைக் கேட்டுக்கொண்டு போவது நல்லது. ஐந்து ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளைத் தயங்காமல் கூட்டிப் போகலாம். பயம் குறையும், மரியாதை கூடும். முடிந்தால் மாசி மகத்தை ஒட்டிப் போங்கள். அந்த நேரத்தில் மாமல்லபுரம் கடற்கரையில் இருளர்கள் பல மாவட்டத்திலிருந்து வந்து குடில் போட்டுத் தங்குவார்கள். மணலில் படி கட்டி, கன்னியம்மனைக் கும்பிட்டு, விடியற்காலையில் அங்கேயே கல்யாணமும் நடக்கும். அங்கே விருந்தாளியாகப் போங்கள், கேமராவைப் பைக்குள் வைத்துக்கொண்டு.

இனி அந்த விளக்கம் சொன்னவரோடு பேசியது. நான் நர்ஸ் என்றதும் அவர் கேட்டார்: "நீங்க ஊசி போட்டு யாராச்சும் பொழைச்சிருக்காங்களாம்மா?"

பிழைத்திருக்கிறார்கள் என்றேன். 2009-ல் ஒரு பையனைப் பற்றிச் சொன்னேன். 11 வயது. ராத்திரி இரண்டரை மணிக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தரையில் பாய் போட்டுப் படுத்திருந்தான், வயிற்று வலி என்று எழுந்தான், கண் இமை தூக்க முடியவில்லை. கடித்த தடம் எங்கே தேடியும் இல்லை. கட்டுவிரியன் என்று அந்த இமையைப் பார்த்தே டாக்டர் சொன்னார். 10 குப்பி உருட்டினேன். மூச்சு தளர்ந்ததும் பலூன் பையை அமுக்கிக்கொண்டே 108-ல் பெரிய ஆஸ்பத்திரி வரை போனேன். கை மரத்துப்போய்விட்டது. இப்போது அவன் லோடு ஆட்டோ ஓட்டுகிறான், போன வருடம் பெண் குழந்தை பிறந்தது.

கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. "கட்டுவிரியன் ரொம்பக் கொஞ்சமா குடுக்கும்மா. ஒரு தடவைக்கு ஒரு துளிகூட முழுசா வராது. நிறையப் பாம்பு வேணும்" என்றார். பிறகு ஓரத்துப் பானையைக் காட்டினார். அதில் இருந்ததை அன்றைக்குக் காலையில் வெளியே விட்டபோது, அது உடம்பைச் சுருட்டி, சுருளுக்குள் தலையை ஒளித்துக்கொண்டது. "பகல்ல அப்படித்தான். கூச்சப்படும். ராத்திரிதான் வேற மாதிரி."

கைப்பையில் ஒரு காலிக் குப்பி வைத்திருந்தேன். ஓய்வு பெற்ற அன்று எடுத்து வந்தது. காட்டினேன். இத்தனை வருடத்தில் அவர் அதைக் கையில் பிடித்துப் பார்த்ததில்லையாம். லேபிளில் இருந்த நான்கு பெயரையும் நான் ஆங்கிலத்திலிருந்து தமிழில் வாசித்தேன்: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். ஒவ்வொன்றுக்கும் அவர் ஒரு பானைப் பக்கம் திரும்பினார். எப்படிக் கரைப்பீர்கள் என்று கேட்டார். உள்ளங்கைக்குள் வைத்து உருட்டிக் காட்டினேன். அவரும் வாங்கி உருட்டிப் பார்த்தார், நான் சொன்னதைவிடவும் மெதுவாக.

குப்பியை அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த காட்சிக்கு ஆட்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். அவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கொக்கிக் கம்பியை எடுத்தார்.